நோட்டுத் தாளுக்கு அடியில் ஒரு கடல்

அன்றைக்குப் பட்டறையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: நைனா, அத்தை, சித்தப்பா, நான், தங்கச்சிப் பாப்பா. இல்லாதவர்கள் இரண்டு பேர். அம்மாவுக்கு எறால் கம்பெனியில் பகல் ஷிப்டு. தாத்தா இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. ஆனால் அவர் போட்டுவிட்டுப் போன சட்டப்படிதான் அன்றைய காரியமே நடந்தது. அதனால் அவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

பள்ளிக்கூடத்துக் கூட்டாளிகளே, அன்றைக்கு நீங்கள் யாரும் இல்லை. சனிக்கிழமை காலை. கலங்கரை விளக்கத்துக்குப் பின்னால் பந்தாடிக்கொண்டிருந்தீர்கள். நீங்கள் கத்துவது எங்கள் பட்டறை வரைக்கும் கேட்டது. என்னையும் கூப்பிட வந்தீர்கள். சித்தப்பா வாசலிலேயே மறித்து, "இன்னைக்கி அவன் வர மாட்டான், போங்கடா. அவனுக்கு உள்ள வேல கீது" என்று அனுப்பிவிட்டார். ஐந்தாவது படிக்கிறவனுக்கு அப்படி என்னடா வேலை என்று திங்கட்கிழமை கேட்டீர்கள். நான் சொல்லவில்லை. போன மாதம் நாமெல்லாம் கூடியபோது ஒருவன் மறுபடி கேட்டான்: "உங்க வூட்டு சொவத்துல பெரிய மரப்படம் ஒன்னு தொங்குமே மச்சான், அது இன்னா கதை?" அதற்குள் பிரியாணி வந்துவிட்டது, பேச்சு மாறிவிட்டது. இப்போது சொல்கிறேன்.

நம் ஊரில் எந்தத் தெருவில் நின்றாலும் கல்லைச் செதுக்குகிற சத்தம் கேட்கும். விடிந்தால் டிங் டிங், பொழுது போனால் டிங் டிங். எங்கள் பட்டறை ஒன்றுதான் சத்தமில்லாதது. கல் வேலை செய்கிறவர்கள் சைக்கிளில் போகும்போது உள்ளே எட்டிப் பார்த்துக் கேட்பார்கள்.

"இன்னா அண்ணாத்த, வேல நடக்குதா, தூங்கினுகீறீங்களா?"

"தூங்கினுதான் கீறோம். நீ தட்டறத நிறுத்திடாத, முழிச்சிக்கப் போறோம்" என்பார் நைனா. எங்கள் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

கல் தூசி உள்ளே வராமலிருக்க சன்னலில் எப்போதும் ஈரச் சாக்கு தொங்கும். அதனால் பட்டறைக்குள் வெளிச்சம் குறைவு. மரவாசமும் வச்சிரப் பசை காய்கிற நாற்றமும் கலந்து கிடக்கும். அங்கே நடந்தது பதிப்பு வேலை. மரத்தை நோட்டு அட்டை கனத்துக்குத் தகடு தகடாக அறுப்பார்கள். அந்தத் தகடுகளை மயிர்போன்ற ரம்பக் கம்பியால் துண்டு துண்டாக வெட்டி, ஒன்றோடு ஒன்று சந்து தெரியாமல் பொருத்தி, பலகையில் ஒட்டுவார்கள். யானை வரும், தென்னந்தோப்பு வரும், பல்லக்கு வரும். தூரிகை கிடையாது, பெயின்டு கிடையாது. படத்தில் என்ன நிறம் இருந்தாலும் அது ஏதோ ஒரு மரத்துக்குள் முன்னாலேயே இருந்த நிறம்.

இதை நான் உங்களுக்கு நன்றாகச் சொல்ல வேண்டும். வெள்ளைக்குப் பாலை மரம். மஞ்சளுக்குப் பலா. கறுப்புக்குக் கருங்காலி. சிவப்பு வேண்டுமென்றால் இலுப்பை, ஊதாச் சாயல் அடிக்கிற பழுப்புக்கு ஈட்டி. பச்சை மரம் பார்த்திருக்கிறீர்களா? செண்பகத்தை நடுவாக அறுத்தால் உள்ளே பாசி படர்ந்த மாதிரி ஒரு பச்சை இருக்கும். கிளிகளுக்கு அதுதான். இவ்வளவு நிறமும் ஒரு மிட்டாய் டப்பாவில் விரல் நீளத் துண்டுகளாக இருக்கும். நாற்பத்தோரு துண்டு. அதை நாங்கள் நிறப்பெட்டி என்போம். ஒவ்வொரு துண்டையும் எடுத்து முகர்ந்து பார்ப்பது என் பொழுதுபோக்கு. சுனாமி வந்த வருடம் அந்த டப்பா போய்விட்டது. நாற்பத்தோரு துண்டில் நீலம் மட்டும் இருந்ததே இல்லை.

தாத்தா கழனியில் கூலி வேலை செய்த வீட்டுப் பிள்ளை. எவனோ ஒரு லாரிக்காரனோடு மைசூர் பக்கம் போய், ஒன்பது வருடம் கழித்து இந்த வேலையோடு திரும்பி வந்தாராம். எழுதப் படிக்கத் தெரியாது. இரண்டே சட்டம் வைத்திருந்தார். ஒன்று, சாயம் கூடாது. இரண்டாவதுதான் விஷயம்.

பதிப்பு வேலை தலைகீழ் வேலை. படத்தின் முகத்தைத் தாளில் கவிழ்த்து ஒட்டிக்கொண்டே போவார்கள். செய்கிறவர்கள் பார்ப்பது முதுகை மட்டும். முதுகுப் பக்கம் பலகையில் ஒட்டி, மேலே கல் ஏற்றி, நாலு நாள் காய்ந்த பிறகு முகத்தில் இருக்கிற தாளை ஈரத்துணியால் ஊறவைத்து உரிக்க வேண்டும். அதற்கு முகம் திறக்கிறது என்று பெயர். செய்தவர்கள் முகம் திறக்கக் கூடாது. வீட்டில் ஒரு பிள்ளை, படத்தை வரையும்போதும் வெட்டும்போதும் பார்த்திராத பிள்ளை, அதுதான் தாளை உரிக்க வேண்டும். உரித்ததும் முதலில் என்ன தெரிகிறதோ அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் வேலை தேறியது. சொல்லத் தெரியவில்லை என்றாலும், வேறெதையோ சொன்னாலும், வேலையைப் பிரித்துவிட்டு மறுபடி செய்ய வேண்டும். விவாதமே கிடையாது.

"செஞ்சவனுக்கு அது இன்னான்னு தெரியும். தெரிஞ்ச கண்ணு இல்லாததையும் சேத்துப் பாத்துக்கும்" என்பாராம் தாத்தா.

மூன்று வயதிலிருந்து நான்தான் முதல் கண். யோசித்துப் பாருங்கள். வீட்டில் யாரும் என்னிடம் கடைக்குப் போகலாமா, சட்டை எடுக்கலாமா என்று கேட்டதில்லை. ஆனால் பட்டறையில் என் வாய்ச்சொல்தான் கடைசி. முதலாவது படிக்கும்போது ஒரு நகைப்பெட்டியின் மூடியைத் திறந்துவிட்டு, "வாத்து" என்றேன். பதினெட்டு நாள் செய்த மயில் அது. நைனாவின் முகம் சுண்டிவிட்டது. அத்தைதான் விழுந்து விழுந்து சிரித்தார். "கழுத்து குட்டையாப் பூட்ச்சிடா தம்பி. புள்ள சரியாத்தான் சொல்றான். வாத்துதான் இது" என்று மூடியை வாங்கி வெந்நீரில் போட்டுவிட்டார். மறுபடி வந்த மயிலை நான் பார்த்தேன். கழுத்தைத் திருப்பி என்னையே முறைத்தது.

வெட்டுகிற கை அத்தையுடையது. நைனாவுக்கு அக்கா. கல்யாணமாகிப் போய் ஒரே வருடத்தில் திரும்பி வந்துவிட்டவர். ஏன் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்க மாட்டார்கள். நைனா மரம் பார்த்து வாங்குவார், தகடு அறுப்பார். சித்தப்பா ஒட்டுவார், இழைப்பார், வெளியே போய்ப் பேசுவார். படம் எல்லாம் அத்தை. ஆனால் வருகிறவர்கள் நைனாவிடம்தான், "கை ராசி சார் உங்களுக்கு" என்பார்கள். அத்தையின் பலகை பட்டறையின் கோடியில், வெளிச்சமே இல்லாத இடத்தில் கிடந்தது. வாசல் பக்கத்து சன்னல் ஓரம் வருகிறவர்கள் உட்காரும் பெஞ்சு. "எனக்கு அந்த சன்னலாண்ட எடம் குடுடா தம்பி. கண்ணு போவுது" என்று அத்தை எத்தனையோ தரம் கேட்டுவிட்டார். "பெரிய ஆர்டரு ஒன்னு வரட்டும்கா, கொட்டாய இழுத்துக் கட்டி உனுக்கு தனி சன்னலே வெக்கறேன்" என்பார் நைனா.

அந்தப் பெரிய ஆர்டர் ஒரு கடிதமாக வந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையை அப்போது அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். சாலை ஓரத்தில் புது ஓட்டல் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. அவர்கள் தமிழில் டைப் அடித்து அனுப்பியிருந்தார்கள். எங்கள் வீட்டில் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதற்கு முன்னால் வந்த கடிதங்களையெல்லாம் டீக்கடைக்காரர் படித்துச் சொல்வார். அந்த வருடம்தான் நைனா, "நம்ம புள்ளயே படிப்பான்" என்று என்னை அந்த பெஞ்சின்மேல் ஏற்றி நிறுத்தினார். நான் கணக்கு வாத்தியார் மாதிரி தொண்டையைச் செருமிவிட்டுப் படித்தேன்.

இருபத்துநாலு அறை. ஒவ்வொரு அறையிலும் கட்டிலுக்கு மேலே நாலடி அகலத்தில் ஒரு மரப்படம். எல்லாவற்றிலும் கடற்கரைக் கோயில், அதன் பின்னால் கடல். ஆனால் ஒரு நாளின் இருபத்துநாலு மணி நேரத்துக்கும் இருபத்துநாலு வேறு வேறு கடல். முதலில் மாதிரிக்கு ஒன்று: விடிவதற்கு முன்னால் உள்ள நீலக் கடல். அது பிடித்திருந்தால் மீதி இருபத்துமூன்றும் நமக்கே.

படித்து முடித்தேன். நைனா என்னைத் தூக்கிக் கீழே இறக்கிவிட்டார். ரெண்டு வருஷ வேலைடா என்று சித்தப்பா முணுமுணுத்தார். அத்தை மட்டும் வேறு எங்கேயோ இருந்தார்.

"உச்சி வெயில்ல கடலு வெள்ளையா இருக்கும்" என்றார். "பாலைய வெச்சிக்கலாம். மசங்கற நேரத்துக்கு ஈட்டி. பௌர்ணமிக்கு..." விரலை மடக்கி எண்ணிக்கொண்டே போனவர் நின்றார். "விடியறதுக்கு முன்னால நீலத்துக்கு எங்கடா போறது?"

இதில் ஒரு தப்பு நடந்துவிட்டது. அப்போது எங்கள் ஐந்து பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

நீலத்துக்காக ஒரு வாரம் சண்டை. "துணிக்குப் போடற நீலத்த கலந்து ரெண்டு முக்கு முக்கினா முடிஞ்சிச்சி. எவன்கா வந்து கேக்கப் போறான்?" என்றார் சித்தப்பா.

"நான் கேப்பேன்" என்றார் அத்தை.

"உன்னாண்ட பேசி பேஜாருதான்கா."

"அப்ப பேசாத. போய் மரம் தேடு."

நைனா செங்கல்பட்டு மரவாடி, திருப்போரூர் மரவாடி எல்லாம் அலைந்தார். நீல மரம் கேட்டவரைப் பார்த்து அவர்கள் சிரித்திருப்பார்கள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் காலை அத்தை பால் வாங்கப் போனவர் பாலே வாங்காமல் ஓடி வந்தார். முழங்கால் வரைக்கும் சேறு. மடியில் ஒரு மரக்கட்டை, குழந்தையை ஏந்துகிற மாதிரி. சாலை போடுகிறவர்கள் வெட்டிச் சாய்த்த மாமரம் அது. முழ முழத் துண்டாக்கி ஓரத்தில் போட்டிருந்தார்கள். ஒரு மாதம் மழையில் கிடந்திருக்கிறது.

நைனா பார்த்ததும், "அய்ய, நீலம் புடிச்ச மாங்கட்டை. அடுப்புக்குத்தான் ஆவும். இத ஏன்கா தூக்கினு வந்த?" என்றார். தச்சு வேலை தெரிந்த யாரும் அப்படித்தான் சொல்வார்கள். மழையில் கிடந்த மாமரத்துக்குள் பூஞ்சை இறங்கி நீலம் பாயும். அது கெட்டுப்போன மரம். கடைக்காரன் கழித்துப் போடுவான்.

அத்தை கட்டையைப் பலகைமேல் வைத்து, தகடு ஒன்று அறுத்தார். வாசலுக்கு எடுத்துக்கொண்டு போய் வெளிச்சத்தில் பிடித்தார்.

நான் பார்த்துவிட்டேன். அந்த நிமிடத்தை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்னும் வசப்படவில்லை. வெளுத்த மரத்துக்குள் நீலம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே நீலம் இல்லை. ஓரிடத்தில் புறாக் கழுத்து, ஓரிடத்தில் சாம்பல், நடுவில் மீன் கண்ணைச் சுற்றி இருக்குமே அந்த நிறம். யாரும் பூசாதது. நாம் பள்ளிக்கூடம் போகிற வழியில் கல்லெறிந்து காய் அடித்த மரம்தான் அது. நீங்களும் அடித்திருக்கிறீர்கள். அதற்குள் இது இருந்திருக்கிறது. நைனா வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அந்தத் தகட்டைத் தொட்டார். தொட்டதும் தலையிலிருந்த துண்டை எடுத்துவிட்டார். கோயிலில்தான் அவர் அப்படி எடுப்பார்.

"இன்னும் எத்தினி கட்ட கீது அங்க?"

"ஓடு. தார் காச்சறவன் அடுப்புல போட்டுகினு கீறான்."

நைனாவும் சித்தப்பாவும் மழையிலேயே ஓடினார்கள். ஐந்து துண்டுதான் கிடைத்தது.

அதற்குப் பிறகு நாற்பது நாள் எனக்குப் பட்டறைக்குள் இடமில்லை. முதல் கண் பார்க்கக் கூடாது அல்லவா? பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வெளியிலேயே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். உள்ளே நடப்பதெல்லாம் மூக்குக்கும் காதுக்கும்தான் வரும். ரம்பக் கம்பி கடலைத் தோலைக் கடிக்கிற எலி மாதிரி கிறுகிறுக்கும். நிழல் வறுக்கிற நாளில் தெருவே மணக்கும். பாலாற்று மணலை இரும்புச் சட்டியில் சுடவைத்து, துண்டின் ஓரத்தை அதில் செருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு எட்டு எண்ணுவார் அத்தை. ஓரம் கருகி நிழல் விழும். கடல் மணல் ஆகாது, உப்பு பூத்துவிடும். பலா வறுபட்டால் வெல்லப்பாகு வாசம். பூவரசு வறுபட்டால் மழைக்கு முன்னால் மண் மணக்கிற மாதிரி. அது கோயில் சுவருக்கு என்று எனக்கு வாசத்திலேயே தெரிந்துவிட்டது. தெரிந்ததை யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு நாள் சித்தப்பா வெளியே வந்து, "உன் நாலாவது கிளாசு நோட்டு எடுத்துனு வா. பென்சில்ல எழுதினது மட்டும். பேனான்னா மை மரத்துல எறங்கிடும்" என்றார். முன்னெல்லாம் சிமென்ட் பை காகிதத்தில்தான் ஒட்டுவார்கள். என் நோட்டு வந்த பிறகு அதுதான். என் கையெழுத்துக்கு அடியில் படம் உருவாகிக்கொண்டிருக்கிறது என்பதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

சனிக்கிழமை வந்தது.

பலகையை நடுவில் கிடத்தியிருந்தார்கள். நாலடி நீளம். முழுவதும் என் நோட்டுத் தாள். ஆறாம் வாய்ப்பாடு, திருப்பி எழுதிய பிழைகள், வாத்தியார் சிவப்புப் பென்சிலால் போட்ட குறிகூட ஓரிடத்தில் இருந்தது. என்னைக் குளிப்பாட்டி நிறுத்தியிருந்தார்கள். அத்தை முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். எப்போதும் அப்படித்தான் நிற்பார், நான் சொன்ன பிறகுதான் திரும்புவார். பாப்பாவுக்கு நாலு வயது. ஒரு மூலையில் மரத்தூளில் வீடு கட்டிக்கொண்டிருந்தாள்.

வெதுவெதுப்பான துணியால் ஒற்றினேன். ஆறாம் வாய்ப்பாடு ஊறி, கொப்புளமாக எழும்பி, தோலாக வந்தது. கீழே கோயில் கோபுரம். பூவரசில், வறுத்த நிழலோடு. ஒவ்வொரு கல்லும் தனித்தனியாக, உப்புக் காற்று தின்ற கல்லாகவே. அடுத்த தாளை உரித்தேன். அதற்கடுத்தது. நீலம் வந்தது.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நீலம் மேலேயிருந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தது. கோயிலுக்குப் பின்னால் வானத்திலிருந்து தரை வரைக்கும் இறங்கி, சரம் சரமாக, ஓரிடத்தில் அடர்ந்து, ஓரிடத்தில் வெளுத்து. எனக்குச் சில்லென்றிருந்தது. என் வாயில் ஒரு சொல் வந்துவிட்டது. மழை.

சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று நிறைய யோசித்திருக்கிறேன். பயம் இல்லை. மயிலுக்கு வாத்து என்று சொன்ன பிள்ளைதானே நான். ஆனால் அப்போது எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இப்போது நான் ஐந்தாவது. கேள்வி கேட்டால் புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் விடை என்று பழகிவிட்டேன். விடை எனக்கு நாற்பது நாளுக்கும் முன்னாலேயே தெரியும். நானே பெஞ்சின்மேல் நின்று படித்திருக்கிறேன்.

"கோயிலு. கடலு" என்றேன். சரியான விடைக்கு முழு மதிப்பெண் வேண்டுமே, அதனால் இன்னும் சேர்த்துக்கொண்டேன்: "விடியறதுக்கு முன்னால."

நைனா மூச்சை விட்டார். சித்தப்பா தொடையில் தட்டிக்கொண்டார். அத்தை திரும்பினார். தான் வெட்டியதைத் தானே முதல்முறையாக முகம் பார்த்தார். "கடலுதான்" என்றார் மெதுவாக.

அப்போதுதான் மூலையில் இருந்து பாப்பா எழுந்து வந்தாள். கையெல்லாம் மரத்தூள்.

"ஐ! மய பெய்து!" என்றாள். "கோயிலு நனையுது."

எல்லாரும் சிரித்தார்கள். "சும்மா இர்றி, அது கடலு" என்று சித்தப்பா அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். அவள் தோளில் இருந்தபடியே, "நனையுது சித்தப்பா, நனையுது" என்று சொல்லிக்கொண்டே போனாள். நான்தான் அதிகமாகச் சிரித்தேன்.

மெழுகு ஏற்றி, துணியில் சுற்றி, டெம்போவில் ஏற்றிக்கொண்டு ஓட்டலுக்குப் போனோம். நைனா, சித்தப்பா, ஏதாவது படிக்க வேண்டியிருந்தால் படிக்க நான். அத்தை வரவில்லை. ஓட்டலில் டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். வரவேற்பு மேசையில் சாய்த்துவைத்துத் துணியை எடுத்தார் சித்தப்பா. டைல்ஸ் அறுக்கிறவர் மெஷினை நிறுத்தினார். தண்ணீர்க் குடம் எடுத்துப் போன ஒரு அம்மா குடத்தை இறக்காமலேயே நின்றுவிட்டார். மேனேஜர் மெட்ராஸ்காரர், கண்ணாடி போட்டவர். கிட்டே வந்தார், தள்ளிப் போனார், மறுபடி கிட்டே வந்தார்.

"சாயம் போடலையா?"

"மரம் சார். மாமரம். அதோட நெறமே அதுதான்" என்றார் நைனா.

"நான் இந்த மாதிரி ஒன்னு பாத்ததே இல்ல" என்றார் மேனேஜர். நைனா என் தோளை அழுத்தினார். "மழை அப்படியே பெய்யற மாதிரி இருக்கு. ஆனா நான் கடல்தானே கேட்டேன்?"

"கடலுதான் சார் அது."

"எங்க?"

நைனா காட்டுவதற்குக் கையைத் தூக்கினார். தூக்கிய கை அந்தரத்தில் நின்றது. அவருக்கும் இப்போது மழை தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு மறைக்க முடியாது.

மேனேஜர் கெட்டவர் இல்லை. பொறுமையாகத்தான் சொன்னார். தையில் திறப்பு விழா. மாதிரி சரியாக இருந்திருந்தால் மீதியைப் பிறகு ஒவ்வொன்றாக மாட்டிக்கொள்ளலாம் என்றிருந்தாராம், இன்னொரு மாதிரிக்கு இன்னும் நாற்பது நாள் காத்திருக்க முடியாது. கட்டிலுக்கு மேலே மழையை மாட்டினால் கடலைப் பார்க்க வந்தவர்கள் என்ன நினைப்பார்கள்? எல்லா அறைக்கும் கடல் போட்டோவையே பெரிதாக்கி, கண்ணாடி போட்டு மாட்டிவிடுவதாகச் சொன்னார்.

திரும்பி வரும்போது டெம்போவில் படம் எங்கள் மூன்று பேர் மடியிலும் கிடந்தது.

அத்தை கேட்டது ஒரே கேள்விதான். "இன்னான்னாரு?"

"மழன்னாரு" என்றார் சித்தப்பா. "பாப்பா சொன்ன மாதிரியே."

அத்தை படத்தைச் சுவரில் சாய்க்கச் சொன்னார். எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு கையைத் தரையோடு படுக்கையாக ஓட்டிக் காட்டினார்.

"மரத்து ரேகைய நிக்க வெச்சிட்டேன். கட்ட முழம்தானே, நீளம் பத்தலன்னு நிக்க வெச்சேன். கடலு படுத்துகினு இல்ல கீது? படுக்க வெச்சி, ஒட்டு வர்ற எடத்துல எல்லாம் பாலைல நொரை ஓட வுட்டிருந்தா..." நிறுத்தினார். "ரெண்டு நாள் வேல. அன்னைக்கே சொல்லியிருந்தா பிரிச்சிருப்பேன்."

நைனா என்னைப் பார்த்தார். "நீ கடலுன்னு தானடா சொன்ன?"

அத்தைதான் பதில் சொன்னார். கோபமே இல்லாமல், கணக்கு ஒன்று சரியாக வந்துவிட்ட மாதிரி.

"கடலுன்னு மட்டுமா சொன்னான்? விடியறதுக்கு முன்னாலன்னு சொன்னான். அந்தப் படத்துல அது எங்கடா தம்பி கீது? கடுதாசில இல்ல கீது. கடுதாசி படிச்சதே இவன்தான. நாமதான பெஞ்சி மேல ஏத்தினோம்."

அந்தத் தப்பு இதுதான். படம் வரைவதைப் பார்க்கக் கூடாது, வெட்டுவதைப் பார்க்கக் கூடாது என்று நாற்பது நாள் என்னை வெளியில் வைத்தார்கள். படிப்பதும் பார்ப்பதுதான் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? எங்கள் வீட்டில் அதற்கு முன்னால் யாரும் படித்ததில்லை. எழுத்து என்பது காதில் விழுகிற சமாச்சாரம் என்றுதான் நினைத்திருந்தார்கள், கண்ணுக்குள்ளே போகும் என்று தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மழையைப் பார்த்தவன் நான்.

அதைச் சொன்னேன். "எனக்கும் மொதல்ல மழைதான் தெரிஞ்சிச்சி அத்தை" என்றேன். அழுதேனா என்று நினைவில்லை. அத்தை என்னை இழுத்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தார். இரண்டு பேரும் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நல்ல மழ, இல்ல?" என்றார்.

மறுநாள் காலை நைனா யாரிடமும் சொல்லாமல் வாசல் பக்கத்து பெஞ்சைத் தூக்கி வெளியே போட்டார். அத்தையின் பலகையைக் கோடியிலிருந்து இழுத்துவந்து சன்னல் ஓரம் வைத்தார். பெரிய ஆர்டர் ஒன்றும் வரவில்லை. ஆனாலும் வைத்தார். அத்தை இன்றைக்கும் அங்கேதான் உட்கார்ந்து வெட்டுகிறார். பூஜை அறைக் கதவு, நகைப்பெட்டி, இப்போதெல்லாம் கூடுவாஞ்சேரி பக்கம் வீடு கட்டுகிறவர்கள் கேட்கிற சுவர்ப்படம். வேலைக்குக் குறைவில்லை. யார் கேட்டாலும் நைனா, "நான் மரம்தான் சார் வாங்கறேன், கை அவங்களுது" என்று அத்தையைக் காட்டுகிறார்.

அந்த நீலம் மறுபடி வரவில்லை. ஒவ்வொரு மழைக்கும் நைனா மாங்கட்டைகளைக் கொட்டாய்க்குப் பின்னால் போட்டுவைப்பார். ஒரு வருடம் கறுத்துவிடும். ஒரு வருடம் மக்கிவிடும். ஒரே ஒரு தரம் உள்ளங்கையளவு நீலம் வந்தது. அதை அத்தை ஒரு மீன்கொத்தியின் சிறகுக்கு வைத்தார்.

மூன்றாவது சட்டம் ஒன்று சேர்ந்திருக்கிறது. கடிதம் வந்தால் நான் சாலையைத் தாண்டி எதிர்ப்பக்கம் நின்று சித்தப்பாவுக்கு மட்டும் படித்துச் சொல்ல வேண்டும். பட்டறைக்குள் எழுத்து வரக் கூடாது. பாப்பா இரண்டு வருடம் முதல் கண்ணாக இருந்தாள். பள்ளிக்கூடம் சேர்த்ததும் அவளே, "எனக்கு அ, ஆ தெரியும், நான் வர மாட்டேன்" என்று விலகிக்கொண்டாள். நடுவில் பல வருடம் அக்கம்பக்கத்துக் குழந்தைகளைக் கூப்பிட்டுக்கொண்டோம். இப்போது சித்தப்பாவின் பையன். மூன்று வயது. போன வாரம் ஒரு கதவைத் திறந்துவிட்டு, "தாத்தா" என்றானாம். அது பிள்ளையார். அத்தை பிரித்துப் போட்டுவிட்டார்.

அந்தப் படம் சுவரில்தான் இருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் மழை என்கிறார்கள். நானும் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டேன், நிறையப் படித்துவிட்டேன். வீட்டுக்குள் நுழையும்போது ஒவ்வொரு தரமும் அதைப் பார்த்து ஒரு நொடி நின்றுவிடுகிறேன். கோயில் நனைந்துகொண்டேதான் இருக்கிறது.

டெம்போ திரும்பி வந்த அன்று சாயங்காலம் ஷிப்டு முடிந்து அம்மா வந்தார். கையில் எறால் வாடை, கால் விரல்களெல்லாம் ஊறி வெளுத்திருந்தன. திரும்பி வந்து சுவரில் சாய்ந்திருந்த படத்தைப் பார்த்தார், எங்கள் முகங்களைப் பார்த்தார், புரிந்துகொண்டார்.

"எவ்ளோ போச்சி?" என்றார்.

நைனா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சித்தப்பா மேலே பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அத்தைதான் நிறப்பெட்டியை மூடிவைத்துவிட்டுச் சொன்னார்.

"இருபத்துநாலு கடலு."